அகதிகளுக்கான வேலைத் திட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து எழுதுவது எப்படி? இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகராட்சியிலோ வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ ஒரு தொண்டு நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். இங்கே வந்து தங்கியிருக்கும் அகதிகளுக்கு வேலை கிடைக்க ஒரு திட்டம் தயாரியுங்கள், அப்படியே அவர்களுடைய கருத்தையும் கேட்டுச் சேர்த்துவிடுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த 'அப்படியே' என்ற சொல்லில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது. பெரும்பாலான இடங்களில் திட்டம் எழுதி, பணம் ஒதுக்கி, பயிற்சி நிலையத்தோடு ஒப்பந்தமும் போட்டு முடித்த பிறகுதான் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. வந்தவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ஒருவர் குறிப்பெடுக்கிறார், அந்தக் குறிப்பு அறிக்கையின் பின்னிணைப்பில் போய்ச் சேர்கிறது. எதுவும் மாறுவதில்லை, ஏனென்றால் மாற்றக்கூடிய எதுவும் அப்போது மிச்சம் இல்லை.

ஏன் முதலிலேயே கேட்க வேண்டும் என்பதை நான் ஒரு வருகைப் பதிவேட்டிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் பாதியில் நின்றவர்களின் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் பதினோரு பேருக்கும் ஒரே சொல், ஒரே கையெழுத்தில்: ஆர்வமின்மை. அதில் ஒரு பெண்ணைத் தேடிப் போய்ப் பேசினேன். குழந்தையின் பள்ளிக்கூடக் கதவு எட்டரைக்குத்தான் திறக்கும். விட்டுவிட்டு ஓடினால் எட்டு நாற்பதுக்கு ஒரு பஸ், அது வகுப்பு நடக்கும் இடத்துக்கு வந்து சேர ஒன்பது ஐந்து ஆகிவிடும். வகுப்பு எட்டே முக்காலுக்கு. மூன்று முறை தாமதமானால் பெயரை அடித்துவிடுவது விதி, அவருக்கு அது முதல் வாரம் முடிவதற்குள்ளேயே நடந்துவிட்டது. பேசி முடித்து நான் எழுந்தபோது அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அந்த மூன்று நாள் பாடமும் அதில் இருந்தது. புதிய மொழிச் சொற்கள் நீல மையில், ஒவ்வொன்றுக்கும் கீழே அவருடைய மொழியில் அர்த்தம் பென்சிலில். எட்டு மாதமாக அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

வகுப்பு நேரத்தை முடிவு செய்த மேசையில் குழந்தையைப் பள்ளிக்கு விட்டுவிட்டு பஸ் பிடிக்கும் ஒருவர்கூட இருக்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த வேலையில் அது வெறும் பழமொழி இல்லை, வேலை செய்ய வேண்டிய முறையே அதுதான். சரி, படிப்படியாகப் போவோம்.

முதல் படி: எது யார் கையில் இருக்கிறது?

யாரையும் சந்திப்பதற்கு முன்னால் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் உங்களால் கொடுக்கவே முடியாத ஒன்றைப் பற்றி மக்களிடம் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருவீர்கள்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையை ஒருமுறையாவது படியுங்கள். 17-ஆம் பிரிவு கூலி வேலை, 18 சொந்தத் தொழில், 19 மருத்துவம், சட்டம் போன்ற தொழில்கள், 24 தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் சமூகப் பாதுகாப்பும். நாட்டில் மூன்று ஆண்டு வசித்து முடித்த அகதிக்கு, வெளிநாட்டவர் வேலைக்கு வருவதைத் தடுக்கும் கட்டுப்பாடுகள் பொருந்தாது என்று 17-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் பல நாடுகள் இந்தப் பிரிவுக்கு விலக்குக் கேட்டுக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன, சில நாடுகள் கையெழுத்தே போடவில்லை. உங்கள் நாடு எந்த வகை என்று பாருங்கள். அகதி என்று அங்கீகரிக்கப்பட்டவர், தஞ்சம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர், தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர் என மூன்று பேருக்கும் மூன்று விதமான உரிமை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சம் கேட்டவர் வேலைக்குப் போக அதிகபட்சம் ஒன்பது மாதம் காத்திருக்கலாம் என்று 2013 விதி சொன்னது, 2024-இல் அதை ஆறு மாதமாகக் குறைத்தார்கள். 2022 மார்ச்சில் உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்கோ தற்காலிகப் பாதுகாப்பு என்ற வேறு வழியில் இந்தக் காத்திருப்பு இல்லாமலே வேலை உரிமை கிடைத்தது. ஒரே நகரம், ஒரே பயிற்சி வகுப்பு, பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஆனால் இருவருக்கும் சட்டம் வேறு.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு தாளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: மத்திய அரசின் கையில் இருப்பது, மாநிலத்தின் கையில் இருப்பது, உள்ளாட்சியின் கையில் இருப்பது. வேலை அனுமதி பெரும்பாலும் முதல் பத்தியில் வரும். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் என்று நினைப்பீர்கள், அப்படி இருக்காது. வகுப்பு நேரம், குழந்தைகள் காப்பகத்தில் இடம், பஸ் வழித்தடம், சிறுதொழில் உரிமம், நகராட்சி கொடுக்கும் ஒப்பந்தங்களில் யாரை வேலைக்கு எடுக்கலாம் என்ற நிபந்தனை, அலுவலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது, விண்ணப்பப் படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்பது, இதெல்லாம் அங்கேதான் வரும்.

இரண்டாம் படி: யாரைத் தேடிப் போவது?

உங்களைத் தேடி வருபவர்கள் ஏற்கெனவே வழி கண்டுபிடித்தவர்கள். மொழி தெரிந்தவர், சங்கத் தலைவர், எல்லாக் கூட்டத்துக்கும் அழைக்கப்படும் அதே இரண்டு பேர். அவர்களையும் கேளுங்கள், அவர்களுக்கு நிறையத் தெரியும். ஆனால் அவர்களோடு நின்றுவிட்டால் உங்கள் திட்டம் அவர்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் உதவும்.

பயிற்சியில் சேர்ந்து நின்றுபோனவர்கள், ஒருமுறைகூடப் பதிவு செய்யாதவர்கள், வந்து ஆறு மாதம் ஆனவர்கள், வந்து ஆறு ஆண்டு ஆகியும் படித்த வேலை கிடைக்காதவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், உடல் ஊனமுள்ளவர்கள் என்று தனித்தனியாக யோசியுங்கள். நேரத்தையும் இடத்தையும் அவர்களிடமே கேளுங்கள். அலுவலக நேரத்தில் கூட்டம் வைத்தால் வேலையில் இருப்பவர் வர மாட்டார், வேலையில் இருப்பவருக்குத்தான் சம்பளம் பிடித்தம், ஒப்பந்தமே இல்லாமல் வேலை, மேஸ்திரி பாதியை எடுத்துக்கொள்வது எல்லாம் தெரியும்.

ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதாலேயே ஒன்றாக உட்கார வைத்துவிடாதீர்கள். ஊரில் எதிரெதிர் பக்கம் இருந்தவர்கள் இங்கே ஒரே மேசையில் வாய் திறக்க மாட்டார்கள், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். பெண்களுக்குத் தனிக் கூட்டம் அவசியம்.

மூன்றாம் படி: எப்படிக் கேட்பது?

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எப்படித் தப்பி வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். உங்கள் திட்டத்துக்கு அது தேவையில்லை. ஒருவர் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். தஞ்ச விசாரணையில் அந்தக் கதையைப் பலமுறை சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் நம்புவார்களா என்று பயந்து பழகியவர்கள் அவர்கள். உங்கள் கூட்டமும் அப்படியொரு விசாரணையாக அவர்களுக்குத் தோன்றிவிடக்கூடாது.

எங்கள் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும். உதவி கொடுக்கும் கையிடம் குறை சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும், அதிலும் நாளைக்கு அதே அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டியவருக்கு.

ஒரு நாள் எப்படிப் போனது என்று கேளுங்கள். "கடைசியாக வேலை தேடிப் போன நாளைக் காலையிலிருந்து சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள்? அங்கே யார் பேசினார்கள்? என்ன தாள் கேட்டார்கள்? அது உங்களிடம் இருந்ததா?" இப்படிக் கேட்டால் கருத்து வராது, நடந்தது வரும். நடந்ததில்தான் தடை எங்கே இருக்கிறது என்று தெரியும். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து முதல் சம்பளம் வாங்கிய நாள் வரை ஒரு நீளக் கோடு போட்டு, எங்கெங்கே நின்றார்கள், எத்தனை மாதம் நின்றார்கள் என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் கோடு போட்டால் ஏழு பேர் ஒரே இடத்தில் நின்றிருப்பார்கள்.

ஒரு வெல்டர் இப்படித்தான் கோடு போட்டார். பதினெட்டு ஆண்டு வேலை அனுபவம். பதிவுப் படிவத்தில் படிப்பு, சான்றிதழ் என்று இரண்டே கட்டம், இரண்டிலும் 'இல்லை' என்று எழுதினார், கணினி அவரைத் திறனற்ற தொழிலாளி என்று பதிந்துகொண்டது. அதற்கப்புறம் இரண்டு ஆண்டு சுமை தூக்கும் வேலைக்கே அவரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பட்டறையில் இரண்டு இரும்புத் தகட்டைக் கொடுத்து வெல்டிங் வைக்கச் சொன்னார்கள். சூடு ஆறியதும் பட்டறைக்காரர் அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார், திங்கட்கிழமை வரச் சொன்னார். படிவத்தில் 'என்னென்ன வேலை தெரியும், எத்தனை ஆண்டு செய்தீர்கள்' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டு மிஞ்சியிருக்கும்.

இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன, உங்கள் மேலதிகாரியிடம் காட்ட உதவும். ஜெர்மனியில் 2012-இல் வந்த அங்கீகாரச் சட்டம், தாள்களைக் கொண்டுவர முடியாதவர் வேலையைச் செய்து காட்டியோ தொழில் பற்றிப் பேசியோ தன் திறனை நிரூபிக்க வழி வைத்தது. படித்தவர்களுக்கு, ஐரோப்பிய கவுன்சில் 2017-இல் தொடங்கிய தகுதிக் கடவுச்சீட்டு இருக்கிறது. பெயர்தான் கடவுச்சீட்டு, அது பயணத்துக்கானது அல்ல, படிப்பை மதிப்பிட்டுச் சொல்லும் தாள். கையில் இருக்கும் ஆவணங்களோடு ஒரு நேர்காணலையும் வைத்து மதிப்பிட்டுக் கொடுக்கிறார்கள், ஐந்து ஆண்டு செல்லும். அது பட்டத்துக்கு ஈடாகாது, ஆனால் வெறுங்கையோடு போய் நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சொந்தக்காரரையோ, முக்கியமாகப் பிள்ளைகளையோ மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. அப்பா வேலையில் பட்ட அவமானத்தைப் பத்து வயதுப் பெண் தன் வாயால் மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அப்பா பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார்.

நான்காம் படி: பணமும் பாதுகாப்பும்

அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆலோசகருக்குக் கட்டணம் போகிறது, தன் வாழ்க்கையைச் சொல்கிறவர் மட்டும் இலவசமாகச் சொல்ல வேண்டும் என்பது நியாயமில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: வேலை அனுமதி இல்லாதவருக்குக் கொடுக்கும் தொகை சட்டப்படி கூலியாகிவிடலாம், உதவித்தொகை வாங்குகிறவருக்கு அது வருமானமாகக் கணக்கிடப்பட்டு உதவி குறையலாம். எனவே முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். முடியாது என்றால் பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கான செலவு என்று கொடுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

பாதுகாக்க முடியாத தகவலை வாங்காதீர்கள். பதிவில்லாத வேலை பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பெயரும் முதலாளி பெயரும் உங்கள் குறிப்பில் இருக்கக்கூடாது. அந்தக் குறிப்பு குடியேற்றத் துறைக்குப் போகுமா, போகாதா என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லுங்கள். போகாது என்று உங்களால் உறுதி கொடுக்க முடியாவிட்டால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கேட்டதை முடிவாக மாற்றுவது

நான்கு பத்தி போதும். என்ன தடை, எந்த இடத்தில், யார் கையில், எந்தத் தேதிக்குள். 'மொழித் தடை' என்று எழுதாதீர்கள், அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. 'மொழி வகுப்பு பகலில் மட்டும் நடக்கிறது, அதனால் பகல் வேலைக்குப் போனவர் வகுப்பை விடுகிறார், வகுப்பை விட்டதால் அடுத்த நிலை வேலைக்கு மொழி போதவில்லை' என்று எழுதினால் மாலை வகுப்பு என்ற முடிவு தானாக வந்து நிற்கும்.

இதை எப்போது கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வரவு செலவுத் திட்டம் எந்த மாதம் முடிவாகிறது, பயிற்சி ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படுகிறது என்று நாட்காட்டியில் குறித்து, அதற்கு நான்கைந்து மாதம் முன்னால் கூட்டங்களைத் தொடங்குங்கள்.

தாமதமாகக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜோர்டான் ஒரு பெரிய பாடம். 2016 பிப்ரவரியில் லண்டன் மாநாட்டில் உருவான உடன்பாட்டில், சிரிய அகதிகளுக்கு இரண்டு லட்சம் வேலை வாய்ப்புகள் என்று இலக்கு வைத்தார்கள். ஐரோப்பியச் சந்தைக்கு ஏற்றுமதி செய்ய 18 சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்குச் சலுகை, அங்கே ஆடைத் தொழிற்சாலைகளில் சிரியர்கள் வேலைக்கு வருவார்கள் என்பது கணக்கு. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் வரவில்லை. தொழிற்சாலை தூரம், நேரம் நீளம், சம்பளம் குறைவு, குழந்தையை விட இடம் இல்லை. அனுமதியும் ஒரே முதலாளியோடு கட்டிப்போடப்பட்டிருந்தது, அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த கட்டட வேலையிலும் விவசாய வேலையிலும் முதலாளி அடிக்கடி மாறுவார். அப்புறம்தான் விவசாயத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகவும், 2017-இல் கட்டட வேலையில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு வழியாகவும் ஒரே முதலாளியோடு கட்டாத அனுமதி கொடுக்க ஆரம்பித்தார்கள், எடுப்பவர்கள் எண்ணிக்கையும் கூடியது. பெண்களின் பங்கு அப்போதும் மிகக் குறைவாகவே இருந்தது. ஒரு கட்டடத் தொழிலாளியின் ஒரு மாதத்தை முதலிலேயே கேட்டிருந்தால், முதலாளி மாறுவது அவர் வேலையின் இயல்பு என்பது முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: நாற்காலி

கருத்துச் சொல்வது வேறு, முடிவெடுக்கும் இடத்தில் உட்காருவது வேறு. 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர், மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுவில்தான் வருகின்றன, அவற்றை அவர் ஒப்புக்குச் செய்வது என்றே வகைப்படுத்தினார். நம் கூட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன.

வழிகாட்டுக் குழுவில் அகதிகளுக்கு இடம் கொடுங்கள், ஒன்று அல்ல, இரண்டு மூன்றாவது வேண்டும், வாக்குரிமையோடு. தனியாக ஒருவரை உட்கார வைத்தால் எல்லா அகதிகளுக்காகவும் அவர் பேச வேண்டியதாகிவிடும், அந்தச் சுமையை யாராலும் தாங்க முடியாது. உகாண்டாவில் இது நாட்டளவிலேயே நடக்கிறது. 2006 சட்டம் அங்கே அகதிகளுக்கு வேலை உரிமை கொடுத்தது, பின்னர் குடியிருப்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அகதிகளைக் கொண்டு ஒரு மன்றம் உருவானது, அதன் பிரதிநிதிகள் தேசிய வழிகாட்டுக் குழுவில் அமர்கிறார்கள். ஒரு நாட்டில் முடிகிற காரியம் ஒரு நகராட்சியில் முடியாதா?

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் தாள்களை எளிய மொழியில் கொடுங்கள். முந்தின நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து, நாளைக்கு எது முடிவாகப் போகிறது, யார் எதிர்ப்பார்கள், எந்த இடத்தில் பேசினால் பலன் என்று சொல்லிக் கொடுங்கள். நமக்கெல்லாம் இதை யாரோ ஒரு மூத்தவர் சொல்லிக் கொடுத்ததால்தான் இன்று அந்த மேசையில் பேசுகிறோம்.

தொழிற்சங்கத்தையும் முதலாளிகளையும் உள்ளூரில் வேலை தேடும் மற்றவர்களையும் அதே மேசைக்குக் கூப்பிடுங்கள். பஸ் நேரமும் காப்பகமும் உள்ளூர்க்காரருக்கும் அதே தலைவலிதான், சேர்ந்து கேட்டால் கிடைப்பது எளிது.

ஏழாம் படி: திரும்பிப் போங்கள்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். முதல் கூட்டத்திலேயே ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் அதே இடத்துக்குப் போங்கள். நீங்கள் சொன்னதில் இது ஏற்கப்பட்டது, இது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது, இதை மறுத்துவிட்டார்கள், காரணம் இது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். மறுத்ததைச் சொல்லத் தயங்காதீர்கள். இல்லை என்ற பதிலை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள், பதிலே வராமல் போனால் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்கள்.

எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தோம் என்ற எண்ணிக்கையோடு நிற்காமல், ஆறு மாதம் கழித்தும் ஒரு ஆண்டு கழித்தும் போய்க் கேளுங்கள். இன்னும் அந்த வேலையில் இருக்கிறாரா, சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா, அவருக்குத் தெரிந்த தொழிலுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இருக்கிறதா? எதை நல்ல வேலை என்று எண்ணுவது என்பதையும் அவர்களே வரையறுக்கட்டும்.

அந்த நோட்டு வைத்திருந்த பெண்ணிடம் நான் திரும்பிப் போனது அடுத்த வகுப்பு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னால். வகுப்பு இனி ஒன்பதரைக்கு, தாமத விதியும் மாறிவிட்டது என்று சொன்னேன். புதிய கால அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டி மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. தேர்வு மட்டும் இன்னும் எட்டரைக்கு என்றிருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை வட்டமிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.